மினுக்கம் போகும்வரை

திருப்பி அனுப்பப்பட்ட மூன்று பெட்டிகளும் மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தன. வண்டிக்காரர் அவற்றைப் பட்டறை வாசலில் இறக்கிவைத்து, "உள்ளே கடிதாசி இருக்கு, படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நல்ல சேதி கொண்டுவருகிறவர் யாரும் டீ குடிக்காமல் போவதில்லை. அதைப் பார்த்ததுமே அண்ணி கை வேலையை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணி. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடிகளைக் கொக்கியில் மாட்டுகிற நாத்தனார் நாளெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அவள் அண்ணிதான். ஆசிட் தொட்டியருகே நிற்கிற அவள் புருஷன் ஒருவர்தான் பாக்கி. அவர் "இந்தா" என்று கூப்பிடுவார்.

அவருக்குப் பட்டறை வைத்த பெயர் பொறுத்தார். வானமே இடிந்து விழுந்தாலும் நேரம் வராமல் கைப்பிடிகள் தொங்கும் கொக்கிச் சட்டத்தைத் தொட்டியிலிருந்து தூக்கமாட்டார். வாசலில் வண்டி நிற்கிறது என்பார்கள். "பொறு" என்பார். முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். அதற்கும் "பொறுங்க" தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று யாரோ ஒருநாள் கிண்டலாகச் சொல்ல, மற்றதெல்லாம் உதிர்ந்து முதல் சொல் மட்டும் அவருக்குப் பெயராகத் தங்கிவிட்டது.

அங்கே நடப்பது பிளாஸ்டிக்குக்கு முலாம் பூசுகிற வேலை. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வார்த்த குழாய்க் கைப்பிடிகள் மூட்டை மூட்டையாக வரும்; வெள்ளி போலப் பளபளத்துப் போகும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் ஏழாம் பொருத்தம். சும்மா பூசினால் ஒட்டாது, கரண்டு கொடுத்தாலும் ஏறாது. அந்தப் பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள் கடுகு தூவினாற்போல் விரவிக் கிடக்கும். சூடான ஆசிட் முதலில் அவற்றைத்தான் தின்னும். தின்ற இடமெல்லாம் குழி விழும். குழி மட்டுமில்லை, மேல்தோலின் குணமே மாறிவிடும். அதுவரை தண்ணீரை முத்து முத்தாக உருட்டித் தள்ளிய பிளாஸ்டிக், இப்போது அதே தண்ணீரை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். அடுத்த தொட்டியின் மருந்து அந்தத் தோலில் விதை போடும். அந்த விதையைப் பிடித்துக்கொண்டு நிக்கல் கரண்டே இல்லாமல் தானாகப் படரும். அதற்குப் பிறகுதான் கரண்டு, செம்பு, குரோமியம், பளபளப்பு எல்லாம்.

ஆக, முதல் தொட்டியில் கோட்டை விட்டால் மற்ற ஆறு தொட்டியும் சேர்ந்து அழுதாலும் பிரயோசனமில்லை. குறைவாக ஊறினால் உலோகத்துக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்காது. அதிகமாக ஊறினால் தோலே செத்துப்போகும். ஆசிட்டின் வயது, பிளாஸ்டிக்கின் ரகம், அன்றைய சூடு எல்லாவற்றையும் பொறுத்து அந்த நேரம் கூடும், குறையும். எட்டு நிமிஷம் ஆகலாம், பத்தும் ஆகலாம். பொறுத்தார் சட்டத்தை லேசாகத் தூக்கி, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். பிளாஸ்டிக்கின் மினுக்கம் முழுசாகப் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் மறுபடியும் உள்ளே.

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஆசிட் ஆவி அதன் குடலைத் தின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. நாலே காலில் நின்றுபோன அதை யாரும் கழற்றவில்லை. பொறுத்தார் கண் இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"யாரோ ஒருத்தர் வீட்ல குழாயைத் திறந்திருக்காங்க. முலாம் தோலு உரிஞ்சு விரல்ல ஏறிடுச்சாம். மூணு தையல். அடுத்த வாரக் கடைசிக்குள்ள ஒழுங்கான சரக்கு போகலைன்னா வேலையை வேற பட்டறைக்குக் குடுத்துடுவாங்களாம்."

பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறினார். அதன் மேல் ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தார். நாடாவோடு வெள்ளித் தோலும் சேர்ந்து வந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

"பதினெட்டு வருஷத்துல நம்ம சரக்கால யாருக்கும் காயம் பட்டதில்லை," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பொறுத்தார் உரிந்த கைப்பிடியை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தெரியுது பாருங்க முதலாளி. இதோ, இங்க. கை ரேகை. எண்ணெய்க் கையோட மாட்டியிருக்காங்க. எண்ணெய் பட்ட இடத்துல எப்படிப் புடிக்கும்?"

கொக்கி மாட்டுகிறவர்கள் பட்டறையில் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி, ஒருத்தி அவர் தங்கை.

"அண்ணே, யாரைச் சொல்றே?" என்றாள் நாத்தனார்.

"யாரையும் சொல்லலம்மா. இருக்கறதைச் சொல்றேன்."

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவள் அந்த முக்காலியில் உட்காருகிறாள். காலையில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவாமல் ஒரு கைப்பிடியைத் தொட்டதில்லை. தொட்டாலும் உள்தண்டைத்தான் பிடிப்பாள். கைப்பிடியின் வெளிமுகத்தில் விரல் படாது. தலைக்கு எண்ணெய் வைப்பதைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தவள் அவள். நாலு பேர் முன்னால் கட்டின புருஷனே இப்படிச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எல்லோரும் கலைந்த பிறகு அந்தக் கைப்பிடியை எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேகை ஒன்றும் இல்லை. தோல் உரிந்த இடத்தில் பிளாஸ்டிக் வழவழவென்று மினுங்கியது, அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல.

ஆசிட் சரியாகத் தின்றிருந்தால் அந்த இடம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கிப்போயிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அவர் வேலை பாதி தெரியாமலா போகும்? அந்தக் கைப்பிடியைத் தன் இருக்கைக்கு எதிரே இருந்த ஆணியில் மாட்டிவைத்தாள்.

அன்று சாயங்காலமும் மழை விடவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒரு அறை ஈரத்துணிக்கே போய்விட்டது. அவள் உருளைக்கிழங்கை வதக்கிக்கொண்டிருந்தாள். அவர் டீ டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதைச் சரியா விளக்கக் கூடாதா? ஒரே மங்கலா இருக்கு."

"எண்ணெய்க் கையாலதானே விளக்கினேன், அப்படித்தான் இருக்கும்."

"நான் உன்னையா சொன்னேன்?"

"பின்ன யாரைச் சொன்னீங்க? பட்டறையில பேய் வந்து கொக்கி மாட்டுதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்துபோய் முக்காலியைப் போட்டு ஏறி, பல்பைத் துடைத்தார்.

"இந்த பல்பும் சரியில்ல. நாளைக்கு வேற வாங்கணும்."

"இந்த மாசத்துல இது மூணாவது பல்புங்க."

"எல்லாம் மட்ட சரக்கு."

அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். டம்ளர் அவள் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. பல்பும் நன்றாகத்தான் எரிந்தது. இப்போது யோசித்தால் வேறு ஒன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக அவர் காலையில் பட்டறைக்குப் போனதும் பழைய செய்தித்தாளை நனைத்து அந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிறார். அழுக்கு, அழுக்கு என்று திட்டிக்கொண்டே துடைக்கிறார். பேருந்து வந்தால் எண் என்ன என்று அவளைத்தான் கேட்கிறார்.

கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிழங்கு அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் தொட்டி மருந்து விற்கிற கம்பெனியிலிருந்து சோதனைக்காரர் வந்தார். ஆசிட்டைச் சின்னக் குப்பியில் எடுத்து என்னென்னவோ சொட்டுவிட்டுப் பார்த்தார். சூடு அளந்தார். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்.

"எவ்வளவு நேரம் முக்கறீங்க?"

"எட்டு, பத்து நிமிஷம். மினுக்கம் போற வரைக்கும்," என்றார் பொறுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

அண்ணிக்கு ஒரு கணக்கு உண்டு. அவள் மாட்டுகிற சட்டத்தில் ஆறு வரிசை, வரிசைக்குப் பத்துக் கொக்கி. அவர் ஒரு சட்டத்தை ஆசிட்டில் இறக்கும்போது இவள் புதுச் சட்டத்தை எடுப்பாள். அதன் ஆறு வரிசையையும் முடித்து, அடுத்ததில் ஒரு வரிசையும் முடித்து, கையை உதறிக்கொள்ளும்போது, அடுத்த சட்டத்தைக் கேட்டு "ஏத்து" என்று அவர் குரல் வரும். ஒரு வரிசை முன்பின் ஆகுமே தவிர, வருஷக்கணக்கில் அது மாறியதில்லை. அன்று அவள் எண்ணிக்கொண்டே மாட்டினாள். நாலாவது வரிசை நடக்கும்போதே "ஏத்து" என்றார். அடுத்த சட்டத்துக்கும் நாலாவது வரிசைதான். பேர் பொறுத்தார், ஆனால் பொறுக்காமல் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பவர் என்பதால்தான் யாரும் அந்தப் பக்கம் சந்தேகமே படவில்லை.

மத்தியானம் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு நாத்தனாரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு மங்கிடுச்சு."

நாத்தனார் வாயில் வைத்த முட்டையை விழுங்காமல் பார்த்தாள்.

"கண்ணு மங்கினா எல்லாமே மங்கலாத்தானே தெரியும்? பாதி நேரத்துலயே மினுக்கம் போயிட்ட மாதிரி அவருக்குத் தெரியுது. எடுத்துடறார்."

"அட என் அண்ணனே! பழியைத் தூக்கி நம்ம கையில வெச்சியே! அண்ணி, எங்க மாமியாருக்கும் இப்படித்தான். கண்புரை. காலையில போனாங்க, அறுத்தாங்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சமையல்ல உப்பில்லைன்னாங்க. இதுக்கா இவ்வளவு ரகசியம்? நேரா சொல்லிடுங்க."

"சொல்லிட்டா தொட்டி போயிடுமே."

நாத்தனார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. பொறுத்தாருக்கு முன்னால் அந்தத் தொட்டியில் நின்றவர் வயதாகி இரண்டு மூன்று தடவை சரக்கைக் கெடுத்தார். முதலாளி அவரைச் சீட்டு ஒட்டுகிற மேஜைக்கு மாற்றினார். அங்கே அவர் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தார். ஒரே மாதம். பிறகு ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் எழுந்துபோனவர் திரும்பி வரவே இல்லை.

"உங்க அண்ணனை அந்த மேஜையில என்னால பாக்க முடியாது," என்றாள் அண்ணி. டப்பாவை மூடிவைத்தாள்.

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல. ஆனா இன்னும் மூணு வரிசை மாட்டற வரைக்கும் அவரைத் தூக்க விடக் கூடாது."

அன்று மத்தியானத்துக்கு மேல் பட்டறை அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தது. பொறுத்தார் சட்டத்தைத் தூக்கக் கை நீட்டிய நேரத்தில் அண்ணி முக்காலியிலிருந்து கத்தினாள்.

"ஏங்க, காலையில அடுப்பை அணைச்சீங்களா?"

"நீதானே அணைச்சே?"

"நான் அணைச்சா உங்களை எதுக்குக் கேக்கறேன்? ஒரு வேலையாவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவர் கையை இறக்கிவிட்டுத் திரும்பினார். கையுறையோடு இடுப்பில் கைவைத்து, யார் அணைத்தது, யார் கடைசியாகக் கதவைச் சாத்தியது என்று வாதாடினார். அண்ணி பேசிக்கொண்டே மாட்டினாள். ஆறாவது வரிசை முடிந்து, புதுச் சட்டத்தில் ஒரு வரிசையும் முடிந்ததும், "சரி விடுங்க, அணைச்ச மாதிரிதான் ஞாபகம்" என்றாள்.

அடுத்த சட்டத்துக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கத்தினால் சந்தேகம் வரும். அதற்கடுத்த சட்டத்துக்குக் குடையைத் தொலைத்த கதையை எடுத்தாள். அது பழைய கதை, ஆனால் நன்றாக வேலை செய்தது. பிறகு கல்யாணத்தன்று அவர் தாமதமாக வந்ததை எடுத்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்ப என்ன அது?" என்று அவர் கதறினார்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் கொக்கி எடுக்கிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள். மழை தகரக் கூரையில் அடித்த அடியில் அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி முந்தின நாள் சரக்கைச் சோதித்தார். சட்டத்துக்குச் சட்டம் எண் போட்ட சீட்டு உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கைப்பிடி எடுத்தார். கீறினார், நாடா ஒட்டினார், இழுத்தார். முதல் பதினொன்றும் உரிந்தன. பன்னிரண்டாம் சட்டம் உரியவில்லை. பதின்மூன்று உரிந்தது. பதினான்கு உரியவில்லை. பதினைந்து உரிந்தது. பதினாறு கல்லு மாதிரி நின்றது.

"ஒரே ஆசிட், ஒரே தண்ணி, அதே கை மாட்டினது. ஒண்ணு விட்டு ஒண்ணு எப்படிய்யா உரியும்?" முதலாளி தலையைச் சொறிந்தார். "பன்னண்டு, பதினாலு, பதினாறுக்கு மட்டும் என்ன விசேஷம்?"

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. "பன்னண்டு அடுப்பு. பதினாலு குடை. பதினாறு கல்யாணம். அதெல்லாம் சண்டை போட்ட சட்டம் முதலாளி!"

பட்டறையே கொல்லென்று சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். "அப்ப இனிமே தினம் சண்டை போடுங்க அண்ணி, சம்பளத்தோட சேத்துக்கலாம்."

சிரிக்காதது இரண்டு பேர். அண்ணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுத்தார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை பிடிப்பதால் மட்டும் முலாம் பிடித்துவிடாது என்று தெரியாத ஆள் இல்லை அவர். சண்டை போட்ட நேரத்தில் சட்டம் எங்கே இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

கை கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்தார். மழை ஓய்ந்து, கூரை விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேணும்னேதான் பேசினியா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எத்தனை வரிசைக்கு எடுக்கறேன்?"

"நாலு. முன்னெல்லாம் ஏழு."

அவர் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவாமல் நின்றார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

"ஜன்னல்தான் அழுக்குன்னு நெனச்சேன். இல்ல, அப்படி நெனச்சுக்கிட்டேன். ஜன்னலைத் துடைச்சா துடைக்கலாம். இதை எப்படித் துடைக்கறது?" கண்ணைச் சுட்டிக்காட்டினார். "முன்ன இருந்தவர் போனது உனக்கு ஞாபகம் இருக்கா? அவர் டப்பா ரெண்டு மாசம் அந்த அலமாரியிலயே இருந்துச்சு. நான்தான் கழுவிவெச்சேன்."

"அதனாலதான் நான் சொல்லல."

"எத்தனை நாளைக்குச் சண்டை போடுவே?"

"சரக்கு நெறைய இருக்குங்க. இருபத்திரண்டு வருஷம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. குழாயை மூடினார்.

"இன்னொருத்தர் விரல் அறுபட வேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் சட்டத்தை ஆசிட்டில் இறக்கினார். எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். அண்ணி நாலாவது வரிசைக்கு வந்தபோது அவர் சட்டத்தைத் தூக்கித் தண்ணீரில் முக்கி, ஜன்னலுக்குச் சாய்த்துப் பிடித்தார். ஆரஞ்சு நிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. "ஏத்து" என்று சொல்லவில்லை.

"இந்தா, இங்க வா."

அவள் எழுந்து போனாள். பதினோரு வருஷத்தில் அவள் தொட்டிப் பக்கம் கூப்பிடப்பட்டது அதுவே முதல் தடவை.

"என்ன தெரியுது?"

அவள் தயங்கினாள். முதலாளி மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"சும்மா சொல்லு."

"மினுங்குதுங்க. ஓரத்துல மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கு. தண்ணி இன்னும் முத்து முத்தா நிக்குது."

"எனக்கு மொத்தமும் மங்கலாத் தெரியுது," என்றார் பொறுத்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "முதலாளி, ஆசிட் மேல குத்தமில்ல. பிளாஸ்டிக் மேலயும் இல்ல. என் கண்ணுல குத்தம். ரெண்டு மாசமா அரைவேக்காட்டுல எடுத்துட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சட்டத்தை மறுபடி தொட்டிக்குள் இறக்கினார்.

முதலாளி எழுந்து வந்தார். அண்ணி ஒரு அடி ஒதுங்கி வழிவிட்டாள். அவர் தொட்டியைப் பார்த்தார், நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் பொறுத்தாரைப் பார்த்தார்.

"முன்ன இருந்தவர் ஒரு வார்த்தை இப்படிச் சொல்லியிருந்தா," என்றார். "நானும் கேக்கல. தப்பு பண்ணினா மேஜையை மாத்தறதுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம். கண்ணைக் காட்டினீங்களா?"

"இல்ல."

"காட்டுங்க. அதுவரைக்கும் தூக்கறது நீங்க, பாக்கறது அண்ணி. சரியா அண்ணி?"

அண்ணி வாய் திறப்பதற்குள் நாத்தனார் பின்னாலிருந்து, "அப்ப எல்லாக் கொக்கியும் என் தலையிலயா?" என்றாள்.

"பொறு," என்றார் பொறுத்தார். பட்டறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

கெடு வைத்த வாரக் கடைசிக்குள் சரக்கு போனது. அவர் சட்டத்தைத் தூக்கிச் சாய்ப்பார், அவள் பார்ப்பாள். முதல் இரண்டு நாள் அவள் சட்டத்தை இரண்டு தடவை சாய்க்கச் சொன்னாள். மினுக்கம் போனதா, போகவில்லையா என்று ஒவ்வொன்றுக்கும் மனசு அடித்துக்கொண்டது. அவர் பக்கத்திலேயே நின்று, "தண்ணி பிரியாம ஒரே பாயா வடியணும். அவ்வளவுதான். பயப்படாதே" என்பார். சாயங்காலம் முதலாளி நாடாவை இழுக்கும்போது அவர், அவள், நாத்தனார் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாடா வெறும் நாடாவாகவே வரும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவருக்கு ஒரு கண்ணில் அறுவை நடந்தது. நாத்தனார் சொன்னது போலவே காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினார். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவர் கேட்டது டீதான். அண்ணி கொண்டுவந்த டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, மங்கலா இருக்கா?"

"குடிச்சா கறை பட்டுடுமேன்னு பாக்கறேன்," என்றார்.

மூன்று வாரம் கழித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நல்ல வெயில். இன்னும் ஒரு மாதம் ஆசிட் ஆவிப் பக்கம் போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தொட்டியருகே அண்ணி நின்றிருந்தாள். அவருடைய நீளக் கையுறை அவள் முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. அவர் சட்டத்தையோ தொட்டியையோ பார்க்கவில்லை. நேராக அவளுடைய பழைய இருக்கைக்குப் போய், ஆணியில் தொங்கிய அந்த உரிந்த கைப்பிடியைக் கழற்றினார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார்.

"முதலாளி," என்று கூப்பிட்டார்.

முதலாளி நிமிர்ந்தார்.

"அன்னைக்கு இதுல கை ரேகை இருக்குன்னு சொன்னேனே. எல்லார் முன்னாலயும் சொன்னேன், எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். இதுல ரேகையே இல்ல. சுத்தமா இல்ல."

அண்ணி தொட்டியை விட்டுத் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள், சட்டம் உள்ளே இருக்கிறது, இன்னும் நேரம் ஆகவில்லை.

"சரி அண்ணே, வந்தவரு சும்மா நிக்காம இப்படி உக்காருங்க. ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து," என்றாள் நாத்தனார், முக்காலியைத் தட்டி.

அவர் உட்காரப் போனார். உட்காராமல் பாதியில் திரும்பி, கை கழுவுகிற இடத்துக்குப் போனார். சோப்பு நுரை முழங்கைவரை ஏறத் தேய்த்துக் கழுவினார். இரண்டாவது தடவையும் கழுவினார். ஈரக் கைகளை எதிலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு பட்டறையின் நீளம் முழுக்க நடந்து, ஆவி எட்டாத தூரத்தில், அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

"எண்ணெய் இருக்கா, பாத்துச் சொல்லு."

அண்ணி அந்தக் கைகளைப் பார்த்தாள். ஆசிட் தெறித்த பழைய தழும்புகள், மஞ்சளேறிய நகங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை கழுவிட்டு வாங்க," என்றாள்.

அவர் மறு பேச்சுப் பேசாமல் குழாயடிக்குத் திரும்பிப் போனார்.